பத்தாம் படியைத் தாண்டியவர்

என்டர் பொத்தானை ஆள்காட்டி விரலால் ஓங்கித் தட்டிவிட்டுக் கையைச் சட்டென்று இழுத்துக்கொள்கிறார் பூபாலன், காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்க்கிறவரைப்போல. திரையில் எழுத்துகள் விழத் தொடங்குகின்றன. வெள்ளையும் பச்சையும், நடுநடுவே சிவப்புமாக நூறு வரி, இருநூறு வரி. அவர் அதையெல்லாம் பார்ப்பதில்லை. நாற்காலியைப் பாதி திருப்பி வாசல் பக்கம் முகத்தை நீட்டி, "டீ சொல்ட்டீங்களா அண்ணாத்த?" என்கிறார்.

சிவப்பில் ஓடிய ஒரு வரியைக் காட்டி, இது என்ன என்று ஒருமுறை கேட்டேன். "அது வார்னிங்கு அண்ணாத்த, எர்ரரு இல்ல. எர்ரரு வந்தா எனுக்குத் தெரியாதா?" என்றார். திரையைப் படிக்காத மனுஷருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை, டீ வந்துவிட்டது. ஆனால் திரையில் தூசி இருந்தால் மட்டும் அவருக்குப் பொறுக்காது. கைக்குட்டையை எடுத்து நாலு மூலையும் பளபளவென்று துடைப்பார். அவர் துடைத்த திரையில் ஒரு வரியைக்கூட அவர் வாசித்து நான் பார்த்ததில்லை.

கேளம்பாக்கத்தில் ஒற்றைப் படுக்கையறை ஃப்ளாட்டில் இருக்கிறார். வயது நாற்பத்திரண்டு. விசிட்டிங் கார்டில் 'சீனியர் கிளவுடு ஆர்க்கிடெக்ட்' என்று தங்க நிற எழுத்து. ஜூனியர் யார் என்று கேட்டேன். "அதும் நான்தான்" என்றார், வெட்கமே இல்லாமல். முதலில் டிஷ் ஆன்டெனா பொருத்திக்கொண்டிருந்தார். அப்புறம் கேமரா. மொட்டைமாடிவரை ஏறியவருக்கு மேகம் கைக்கெட்டும் தூரம்தானே, ஏறிவிட்டார்.

அவர் செய்கிற வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனியின் கோப்புகளையெல்லாம் வெளியூர்க்காரன் கணினியில் வாடகைக்கு வைக்காமல், நம் அலுவலகத்திலேயே ஒரு பெட்டியில் வைத்து, எந்த மேசையிலிருந்தும் எந்த போனிலிருந்தும் எடுத்துக்கொள்ளும்படி செய்து தருகிறார். பெட்டியில் ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளம். அதன்மேல் ஏற்றுகிற கிளவுடு மென்பொருள் இலவசம். எப்படி ஏற்றுவது என்று பதினாலு படிகளாக எழுதிய வழிகாட்டியும் இணையத்தில் இலவசம். கோவளத்தில் அலைச்சறுக்கு சொல்லித்தரும் ஒரு பள்ளி, மாமல்லபுரத்தில் இரண்டு லாட்ஜ், திருக்கழுக்குன்றத்தில் ஒரு கல்யாண மண்டபம், மறைமலைநகரில் நாங்கள், எல்லோரும் அவருடைய வாடிக்கையாளர்கள்.

அந்தப் பதினாலு படிகளையும் செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார். பையிலிருந்து அதை எடுக்கும் பக்குவத்தைப் பார்த்தால், பட்டா ஒரிஜினலோ என்று தோன்றும். இடது கை விரல் ஒவ்வொரு படியாக இறங்கும். வலது கை தட்டும். ஒன்பதாம் படியிலிருந்து விரல் நேராகப் பதினொன்றுக்குத் தாவும். பத்தாம் படியின்மேல் பச்சை மையில் குறுக்காக ஒரு கோடு. பக்கத்தில் 'டைம் வேஸ்ட்' என்று அவருடைய கையெழுத்து. அதில் என்ன எழுதியிருந்தது என்று நான் அப்போது எட்டிப் பார்க்கவில்லை. இந்த ஆளை எங்கள் பட்டறைக்குக் கூட்டிவந்ததே நான்தான். திட்டுகிற உரிமை எனக்குக் கொஞ்சம் கூடுதல் என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஹெல்மெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல விலை கொடுத்து வாங்கிய கறுப்பு ஹெல்மெட். பைக் கண்ணாடியில் தொங்கும், முழங்கையில் தொங்கும், வந்த இடத்தில் மேசைமேல் சட்டமாக உட்காரும். தலையில் மட்டும் ஏறாது. வண்டலூர் கூட்டுரோட்டில் டிராஃபிக் போலீஸின் வெள்ளைச் சட்டை தெரிந்தால் மட்டும் ஏறும். நூறு மீட்டர் தள்ளி இறங்கிவிடும். "தல வேர்த்துக்கும் அண்ணாத்த, மூள வேல செய்யாது" என்பார். அப்படியென்றால் எப்போதும் போட்டுக்கொண்டே இருக்கலாமே, இழப்பு ஒன்றும் இல்லையே என்று நான் மனசுக்குள் நினைத்துக்கொள்வேன்.

நான் வாசுதேவன். மறைமலைநகரில் விஜயகுமாரி மேடத்தின் பட்டறையில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். முப்பத்தெட்டுப் பேர் இருக்கிறோம். காரில் பிரேக் குழாயைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு சின்னத் தகட்டுத் துண்டு செய்கிறோம், பிராக்கெட் என்பார்கள். போன தீபாவளி கழிந்த வாரம் பூபாலன் வந்து எங்களுக்கு மேகம் போட்டார். புதிதாக வாங்கிய பெரிய டிஸ்க் ஒன்றைப் பெட்டிக்குள் மாட்டினார். கோப்பெல்லாம் அதில்தான் தங்கும் என்றார். நாற்பது நிமிஷத்தில் வேலை முடிந்தது. அதில் பதினைந்து நிமிஷம் நாஸ்தா.

எங்கள் லேத் ஆபரேட்டர் முத்துசாமி அண்ணன் குனிந்து பார்த்தார். "மேகம்னா மேல இல்ல இருக்கணும்? இது இன்னா டேபிளு கீய கீது?"

"வூட்ல போர் போட்டுக்கற மாரி அண்ணாத்த. ஊர்த் தண்ணிக்கு இன்னாத்துக்கு க்யூல நின்னுகினு? நம்ம தண்ணி, நம்ம மோட்டாரு."

பேச்சில் மட்டும் குறை வைக்க மாட்டார். அன்றைக்கு நான்கூட மயங்கித்தான் போனேன். யார் எந்தக் கோப்பைத் தொடலாம், யார் தொடக்கூடாது என்று வரையறுக்கிற இடம் வந்தபோது, ஏழு ஏழு ஏழு என்று மூன்று தட்டுத் தட்டினார். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று அதற்குப் பொருளாம். "அப்பத்தான் பேஜாரு இல்ல" என்றார். கடவுச்சொல் என்ன என்று மேடம் கேட்டபோது வாசலுக்கு வெளியே நிற்கும் பைக்கைக் காட்டினார். அதன் நம்பர்தான் கடவுச்சொல். கோவளத்திலும் அதுதான், திருக்கழுக்குன்றத்திலும் அதுதான். கேளம்பாக்கத்திலிருந்து மறைமலைநகர்வரை தினமும் ஊருக்கே காட்டிக்கொண்டு ஓட்டுகிறார், நம்பர் பிளேட்டில்.

கடைசியில் பையிலிருந்து ஒரு ஸ்டிக்கர் எடுத்தார். மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்து: 'ஆஃப் செய்யாதீர்கள்.' பெட்டியின் சுவிட்சுக்கு மேலேயே ஒட்டினார். அப்புறம் ஹெல்மெட்டைப் பெட்டிமேல் வைத்து, பக்கத்தில் குந்தி, கட்டைவிரலைத் தூக்கி ஒரு செல்ஃபி. ஒவ்வொரு வாடிக்கையாளர் இடத்திலும் இப்படி ஒன்று உண்டாம். ஸ்டேட்டஸில் போடுவார்.

போகிறபோது சும்மா போயிருக்கலாம். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, அலமாரியில் அடுக்கியிருந்த பரிசோதனைத் தாள்களைப் பார்த்து, "இன்னா மேடம் இது, குப்ப மாரி? எல்லாத்தயும் ஸ்கேன் பண்ணி மேகத்துல ஏத்திட்டுக் கடாசுங்க. பேப்பரு கரையான் துன்னும். மேகத்த எது துன்னும்?" என்று ஒரு யோசனையை வீசிவிட்டுப் போனார்.

மேடத்துக்கு அது பிடித்துப்போனது. ஸ்கேன் செய்கிற வேலை ஹனியாவுக்கு வந்தது. கோவளத்துப் பெண், டிப்ளமோ படித்தவள், வயது இருபத்துநாலு. எங்கள் குவாலிட்டி பிரிவு என்றால் அவள் ஒருத்திதான். ஐம்பது பிராக்கெட்டுக்கு ஒன்றை எடுத்து வெர்னியர் அளவுகோலில் அளந்து, அளவைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவாள். அவள் கையெழுத்து இல்லாமல் என் ஸ்டோர்ஸிலிருந்து ஒரு பெட்டி வெளியே போகாது. மாதாமாதம் தாள்களை ஸ்கேன் செய்து மேகத்தில் ஏற்றினாள். ஆடி மாதம் மூட்டை கட்டி, பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டோம். தராசில் ஏற்றியது நான்தான்.

ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்னால் எங்களிடம் பிராக்கெட் வாங்கும் பெரிய கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பிப்ரவரியில் அனுப்பிய ஒரு லாட் பிராக்கெட்டில் துளை இடம் தள்ளியிருக்கிறதாம். அளக்காமலே அனுப்பிவிட்டீர்கள் என்று சந்தேகப்படுகிறார்களாம். விஜயதசமிக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு ஆள் வரும். பரிசோதனைத் தாளைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பரிசோதகரை நீக்கிவிட்டு, நீக்கியதை எழுத்தில் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஆர்டர் நிற்கும்.

ஹனியா பதறவில்லை. "நான் அளந்தன் மேடம். தாளு கீது. பன்னண்டாம் தேதி, துள சரியாத்தான் இருந்துச்சு" என்றாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். தாள் இருந்தது பூபாலனின் மேகத்தில்.

ஆயுத பூஜை வந்தது. அன்று எங்கள் பட்டறையில் ஒன்றும் ஓடாது. லேத், டிரில்லிங், பிரஸ் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சுவிட்சை இறக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டிவிடுவோம். வருஷம் முழுக்க உழைத்த இரும்புக்கு ஒரு நாள் ஓய்வு. ஹனியா தன் அளவுக் கருவிகளின் அளக்கிற முகங்களை எண்ணெய்த் தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிடுவாள், சந்தனம் பட்டால் அளவு கெடும் என்று. முத்துசாமி அண்ணன் பெட்டியின் மூடிமேல் மட்டும் பொட்டு வைப்பார். இதில் இரண்டு பேருக்கும் ஒரு நாளும் மனஸ்தாபம் வந்ததில்லை.

பூபாலனுக்கோ அன்றைக்குத்தான் ஓய்வே கிடையாது. வாடிக்கையாளர் ஒருவர் பாக்கி இல்லாமல் சுற்றி, பொரி கடலை வாங்கிக்கொண்டு வருவார். எங்களிடம் வரும்போதே ஹேண்டில்பாரில் இரண்டு பக்கமும் பைகள் தொங்கின. பூசணிக்காய் உடைத்து முடிந்ததும் ஒரு கை பொரியை வாயில் போட்டுக்கொண்டு அலுவலக வாசலில் நின்றார்.

முத்துசாமி அண்ணன் குங்குமக் கிண்ணத்தோடு மேசைக்கு அடியில் குனிந்தார். பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

"இது இன்னா இன்னும் கண்ணு முய்ச்சிகினு கீது? அம்மாம் பெரிய பிரஸ்ஸே தூங்குது, இது இன்னா கலெக்டரா?"

ஸ்டிக்கரைக் காட்டினேன். அவர் நிமிர்ந்து பூபாலனைப் பார்த்தார். "இன்னா நைனா, ஆப் பண்ணா ஒன் மேகம் கலஞ்சிடுமா?"

எல்லோரும் சிரித்தோம். பூபாலன் பொரியை மென்றார். அவர் கண் ஒரு நொடி ஸ்டிக்கரின்மேல் போய் வந்ததை நான் பார்த்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று அவருக்குத் தெரியாது. முப்பத்தெட்டுப் பேர் முன்னால் தெரியாது என்று சொல்வதற்கு, பாவம், அவருக்கு வாய் வராது.

"யாரு போட்டது? பூபாலன் போட்டது! நூறு வாட்டி ஆப் பண்ணு, நூறு வாட்டியும் எந்திரிக்கும்."

முத்துசாமி அண்ணன் சுவிட்சை அமுக்கினார். விளக்கு அணைந்தது. பெட்டிக்கும் ஒரு பொட்டு வைத்தோம்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து, கற்பூரம் காட்டி, மேடம் தன் கையாலேயே ஒவ்வொரு இயந்திரமாக ஓட்டிவைத்தார். கடைசியில் மேகப் பெட்டி. விளக்கு வந்தது, விசிறி சுற்றியது. ஹனியா தன் மேசையில் உட்கார்ந்து பிப்ரவரித் தாளை எடுக்கப் போனாள். எடுக்க ஒன்றும் இல்லை. திரை முழுக்க வெள்ளை. நடுவில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. கோப்புகள் இருக்க வேண்டிய இடத்தில் எதையும் காணோம் என்று எழுதியிருந்தது.

போன் போட்டேன். "ஆப் பண்ணா அப்டித்தான் ஆவும் அண்ணாத்த! ஸ்டிக்கரு ஒட்னன் இல்ல? படிக்கலியா?" என்றார் பூபாலன்.

படிக்கலியா என்று கேட்டது யார் பாருங்கள். எனக்கு வந்த கோபத்துக்கு போனை பிரஸ்ஸுக்கு அடியில் வைத்து நசுக்கியிருப்பேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் கோணல் கூடத்தையும் தானே கட்டிவிட்டு, ஆட வந்தவர்களைக் குறை சொல்கிறார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். இவருடையது பதினோரு மாதம் ஓடியிருந்தது. அந்தப் பெருமை, கரண்ட் போனபோதெல்லாம் பெட்டியை அணையவிடாமல் தாங்கிய யூ.பி.எஸ். பாட்டரிக்குத்தான் சேர வேண்டும்.

ஒன்றரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். ஹெல்மெட்டை மேசைமேல் வைத்தார். கைக்குட்டையை எடுத்து ஹனியாவின் திரையைத் துடைத்தார். அந்த இரண்டு வரி இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அவர் படிக்கவில்லை.

"கரப்டு ஆயிட்ச்சி. ஒண்ணியும் கவலப்படாதீங்க மேடம். ஃபிரெஷ்ஷா போட்ருவோம், நாப்பது நிமிசம்."

"அப்ப ஃபைலுங்க சார்?" என்றாள் ஹனியா.

"வரும் பாப்பா, வரும். மேகத்துல இல்ல கீது? எங்க பூடும்?"

பெட்டி இருந்த மேசைக்குப் போய் உட்கார்ந்தார், பிளாஸ்டிக் உறை வெளியே வந்தது. முதல் படி, இரண்டாம் படி. தட்டு, கை இழுப்பு, வாசலைப் பார்த்து ஒரு நெளிப்பு. ஹனியா அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அவளுக்கு லினக்ஸ் தெரியாது. ஆனால் நாள் முழுக்க வெர்னியரில் கோட்டுக்குக் கோடு பார்த்துப் படிக்கிற பெண். எதிரில் எழுத்து இருந்தால் கண் தானாக அதில் போய் விழும். அவர் தட்டிவிட்டுத் திரும்பிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் அவள் திரையை மேலிருந்து கீழ்வரை வாசித்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. விரல்கள் துப்பட்டா நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தன. நாளைக்குக் காலையில் போகப்போவது அவளுடைய வேலை. அளக்காமல் கையெழுத்துப் போட்டவள் என்ற பெயர் வேறு கூடவே வரும்.

எட்டாம் படி. பூபாலன் தட்டினார். இந்த முறை எழுத்துகள் ஓடவில்லை. மூன்று வரி வந்து நின்றது. கடைசியில் ஒரு கேள்விக்குறி, பக்கத்தில் ஆம், இல்லை என்பதற்கு ஒவ்வொரு எழுத்து. பூபாலனின் விரல் ஆம் என்பதற்கான 'ஒய்' மேல் இறங்கியது.

டக்கென்று ஒரு சத்தம். ஹனியா தன் கையில் இருந்த ஸ்டீல் ஸ்கேலை விசைப்பலகைக்குக் குறுக்கே வைத்துவிட்டாள்.

"இன்னா பாப்பா, வெளாட்ற நேரமா இது?"

"இந்த டிஸ்குல ஏற்கெனவே இன்னாவோ கீதுன்னு சொல்லுது சார். அப்பவும் மேல போவட்டான்னு கேக்குது."

"அது அப்டித்தான் கேக்கும். அது கேக்கும், நம்ம ஒய் போடுவோம். இதெல்லாம் மேட்டரே இல்ல. ஸ்கேல எடு."

அவள் எடுக்கவில்லை. "மொத தபா போட்டீங்களே, அப்ப இப்டிக் கேட்டுச்சா சார்?"

"மொத தபாவா? அது புது டிஸ்கு. காலி டிஸ்க்ல இன்னாத்தக் கேக்கப்போவுது..."

அவர் சொன்னது அவர் காதிலேயே விழுந்துவிட்டது. விரல் அந்தரத்தில் நின்றது. நெற்றியில் வேர்வை துளிர்த்தது, ஹெல்மெட் போடாமலே. விஜயகுமாரி மேடம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

ஹனியா வழிகாட்டித் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து வாசித்தாள். எட்டாம் படி, டிஸ்கைத் துடைத்து வெறுமையாக்குவது. ஒன்பதாம் படி, டிஸ்கைப் பெட்டியோடு கோத்துவிடுவது. பச்சைக் கோட்டுக்கு அடியில் பத்தாம் படி: பெட்டி கண் விழிக்கும்போதெல்லாம் டிஸ்கைத் தானாகவே கோத்துக்கொள்ளும்படி ஒரு கோப்பில் ஒரு வரி எழுதிவைப்பது. அந்த ஒரு வரி எழுதப்படவில்லை. பெட்டியைத் தூங்கவைத்தோம், எழுந்தது, டிஸ்கைக் கோக்க ஆள் இல்லை. எங்கள் கோப்பெல்லாம் பத்திரமாக உள்ளேயே கிடந்தது. ஒரு 'ஒய்' விழுந்திருந்தால் கிடந்திருக்காது.

"எட்டு வேணாம்னு போடுங்க சார். ஒம்போது மட்டும் போடுங்க."

"அதான் நானும் சொல்ல வந்தன்" என்றார் பூபாலன்.

கேட்டீர்களா? அதைத்தான் சொல்ல வந்தாராம்! ஒன்பதாம் படியைத் தட்டினார். திரையில் ஒன்றுமே வரவில்லை. "பாரு, ஒண்ணியும் வர்ல" என்று உதட்டைப் பிதுக்கினார். ஹனியா தன் மேசைக்குப் போய்ப் பக்கத்தைப் புதுப்பித்தாள். வந்துவிட்டது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று வரிசையாக எல்லாம் வந்துவிட்டது. பன்னிரண்டாம் தேதித் தாள், துளையின் அளவு, அடியில் கொஞ்சம் சாய்ந்த அவள் கையெழுத்து. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டாள். மேடம் போய் அவள் முதுகில் கை வைத்தார்.

பூபாலன் அந்த நேரத்தில் போனை எடுத்தார். அவள் திரை பின்னால் தெரிகிற மாதிரி ஹெல்மெட்டை நகர்த்தி வைத்தார். "கொஞ்சம் தள்ளிக்க பாப்பா" என்றார். கட்டைவிரல் மேலே போயிற்று. 'டேட்டா ரெக்கவரி சக்சஸ்' என்று அங்கேயே ஸ்டேட்டஸ் ஏறியது. கீழே ஒரு கும்பிடு பொம்மை, ஒரு நெருப்பு பொம்மை.

ஹனியா முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதல் வேலையாக அந்தத் தாளை இரண்டு பிரதி அச்செடுத்து மேடத்தின் மேசையில் வைத்தாள். அப்புறம் பூபாலனிடம் வந்தாள். "பத்தாவத இப்பப் போட்டுருங்க சார்."

"அது தேவயில்ல பாப்பா. ஸ்டிக்கரு கீது இல்ல?"

"ஏன் சார் அத அடிச்சி வெச்சீங்க?"

மென்று விழுங்கினார். மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில் அந்த வரியை எழுதினாராம். எழுதிவிட்டுப் பெட்டியை அணைத்துப் போட்டால், எழுந்திருக்கவே இல்லையாம். "அந்த ஃபைலு ராசியில்லாத ஃபைலு. ஒரு எழுத்து மாறுனாலும் மொத்தமும் படுத்துக்கும். அதத் தொட்றதே இல்லன்னு வுட்டுட்டன்." அன்றைக்கு அந்த லாட்ஜிலிருந்து எப்படித் தப்பி வந்தீர்கள் என்று கேட்டேன். டீ கிளாஸை எடுத்து அடியில் மிச்சம் இருந்ததை உறிஞ்சினார். அப்போது அவரைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. எழுத்து மாறிவிட்டது என்றால் மாறிய எழுத்தைத் தேடியிருக்கலாமே என்று நினைத்ததும் அந்தப் பாவமும் போய்விட்டது.

"நீயே எழுதும்மா" என்றார் மேடம், ஹனியாவிடம்.

"வேணாம் மேடம், படுத்துக்கும்! நான் சொல்லிட்டன், அப்பறம் என்னயக் கேக்காதீங்க!"

ஹனியா உட்கார்ந்தாள். தாளில் வரிக்கு அடியில் ஸ்கேல். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். எழுதி முடித்து, ஒப்பிட்டாள். மறுபடி, கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துக்குப் பின்னோக்கி வந்து ஒப்பிட்டாள். சேமித்தாள். எழுந்து மேசைக்கு அடியில் குனிந்து, நேற்றைய குங்குமம் காய்ந்திருந்த பெட்டியிலிருந்து மஞ்சள் ஸ்டிக்கரை நகத்தால் கிளப்பினாள்.

"ஏய், இன்னா பண்ற?" என்று பூபாலன் பாதி எழுந்தார்.

"டெஸ்ட் பண்ணாம எப்டி சார் பாஸ் போட்றது?"

மேடம் தலையை ஆட்டினார். அச்செடுத்த பிப்ரவரித் தாள் கையில் இருக்கிறது. மற்ற பத்து மாதத்தில் நாளைக்கு எதைக் கேட்பார்களோ, அதெல்லாம் இன்னும் பெட்டிக்குள்தான். ஹனியா சுவிட்சை அமுக்கினாள். விசிறி மெதுவாக நின்றது. பச்சை விளக்கு போயிற்று. முத்துசாமி அண்ணன் லேத்தை விட்டு வந்து கதவருகே நின்றுகொண்டார். பத்து எண்ணிவிட்டு, ஹனியா மறுபடி அமுக்கினாள்.

விளக்கு வந்தது. கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடின. நாங்கள் எல்லோரும் படித்தோம், புரிந்ததோ இல்லையோ. ஒரு இடத்தில் நின்றது. மறுபடி ஓடியது. ஹனியா தன் மேசைக்கு ஓடிப் பக்கத்தைப் புதுப்பித்தாள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல்.

"எல்லாம் கீது மேடம்!" என்று கத்தினாள். முத்துசாமி அண்ணன் சத்தமாகச் சிரித்தார்.

நான் பூபாலன் பக்கம் திரும்பினேன். பையைத் தோளில் மாட்டி, வாசல்படிக்கு வெளியே ஒரு காலை வைத்து நின்றுகொண்டிருந்தார். ஹெல்மெட் தலையில் இருந்தது. தாடைக்கு அடியில் வாரையும் இழுத்துப் பூட்டியிருந்தார்.